ஊர்சுலா நோனாவும் ஒரு வாளிப் பருப்பும்

1

போன சனிக்கிழம எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க. எம்பொஞ்சாதி தர்ஷினியோட மாமா குடும்பம். அவங்கல்லாம் யாழ்ப்பாணத்து ஆளுங்க, நான் ஜெர்மனிய மேப்புல தேடிக்கிட்டு இருந்த காலத்துலயே இங்க வந்து வீடு வாங்குனவங்க. நானோ மஹய்யாவ. கண்டி டவுன்ல கட்டுகஸ்தோட்ட பஸ்ஸுல ஏறுனா டிக்கட்டு கைக்கு வாறதுக்குள்ள எறங்கிர்ற தூரம். ஓ.எல். பரீட்ச ரெண்டு தரம் எழுதுனேன், ரெண்டு தரமும் கணக்குப் பாடம்தான் பாஸ்.

எல்லாரும் மேசையில ஒக்காந்தாச்சு. நான் மட்டும் சோத்துக் கரண்டியோட நிக்கிறேன். மாமா தட்டுல கொறஞ்சா ஒரு கரண்டி, மாமி தட்டுல கொறஞ்சா ஒரு கரண்டி. எம்மவன் யோனா, நர்சரிக்குப் போற வயசு, வாயில கெடக்கிற இடியாப்பத்த முழுங்காம ஜெர்மன்ல கேட்டான்: "பப்பா, நீங்க இங்க வெயிட்டரா?"

மேசையே சிரிச்சிருச்சு. தர்ஷினிக்குத்தான் மானம் போயிருச்சு. "இஞ்சருங்கோ, நீங்களும் இருந்து சாப்பிடுங்கோவன். ஏன் வாட்ச்மேன் மாதிரி நிக்கிறியள்?"

"விருந்தாளி சாப்பிட்டு முடிக்கட்டும்டி."

"மாமா, இவருக்கு இது ஒரு வருத்தம். மருந்தில்லை," ன்னா அவ.

மருந்தில்லங்கிறது உண்மதான். இந்த நிக்கிற வியாதியாலதான் போன வருஷம் ரெண்டு நாட்டு சர்ச் சபைங்களுக்கு நடுவுல இருந்த கூட்டு முறியப் பாத்துச்சு. நம்ம சபைப் பத்திரிகைய நடத்துறவர் அதப்பத்தி எழுதச் சொல்லி நச்சரிச்சுக்கிட்டே இருந்தாரு. "எனக்கு இலக்கணமா எழுத வராது ஐயா"ன்னேன். "பேசுற மாதிரியே எழுது தம்பி. நீ வாய மூடிக்கிட்டு இருந்தாத்தான் எங்களுக்குப் புரியாது"ன்னாரு. இந்தாங்க, எழுதிட்டேன். பிழ இருந்தா அவரப் புடிங்க.

2

நான் இருக்கிறது ஒரு சின்ன டவுன். வேல, வயசாளிங்க இல்லத்துல துணி வெளுக்கிற எடத்துல. நாள் பூரா பெட்ஷீட் மடிப்பேன். ஞாயித்துக்கெழம சர்ச். சர்ச்சு நம்ம கண்டி மார்க்கெட்டு மாதிரி பெருசு. ஆளுங்க? ஒரு கோஸ்டர் வேன்ல ஏத்துனா பின் சீட்டு மிஞ்சும். ரொம்ப நாளா நான் ஒரு பெஞ்சுல தனியா, அவங்க அவங்கவங்க பெஞ்சுல தனியா. ஆராதனையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ல கைய நீட்டணும்னா எந்திரிச்சு நடந்து போகணும்.

ஒரு நாள் பாஸ்டர் ஹென்னிங் எங்கிட்ட, "உங்க ஊர்ல சபை இருக்கா?"ன்னு கேட்டாரு. நல்ல மனுசன், நம்ம தெருவுல கரண்டு கம்பத்துக்குப் பக்கத்துல நின்னா எது கம்பம்னு சந்தேகம் வரும், அவ்வளவு ஒசரம். நான் ஃபோன எடுத்து நம்ம சபைப் போட்டாவக் காட்டுனேன். எடமில்லாம யன்னல்ல தொங்கிக்கிட்டு பாட்டுப் பாடுற ஆளுங்களப் பாத்து அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுலதான் ஆரம்பிச்சது இந்தக் கூட்டு. அவங்க நமக்காக ஜெபம் பண்றது, நாம அவங்களுக்காக ஜெபம் பண்றது, வீடியோவுல ஆளாளுக்குக் கை காட்டுறது.

ஜெர்மன்காரங்களுக்குக் கை காட்டுறது மட்டும் பத்தாது. அவங்க சபைக் கவுன்சில்ல பிரான்ட்னு ஒரு பெரியவர் எந்திரிச்சு, "நாம காசு குடுக்குறோம், அவங்க நன்றி சொல்றாங்க. இதுவரைக்கும் நம்மகிட்ட எதையும் கேட்டதில்ல, எதுக்கும் மாட்டேன்னும் சொன்னதில்ல. இது கூட்டு இல்ல, தர்மம். நிப்பாட்டிரலாம்"ன்னுட்டாரு. பாதிப் பேரு தலையாட்டிட்டாங்க. கடசியில ஒரு முடிவு: பாஸ்டரும் ஊர்சுலாவும் கண்டிக்குப் போய்ப் பாக்கிறது. ரெண்டு சபையும் சமமாப் பழகுதுன்னு ஊர்சுலா வந்து சொன்னா கூட்டு இருக்கும். இல்லன்னா இல்ல.

ஊர்சுலா யாரு? வரி ஆபீஸ்ல இருந்து பென்ஷன் வாங்குன பொம்பள. "குட் மார்னிங்"னா கூட ஆதாரம் கேப்பாங்க. மொழிபெயர்க்க என்னயும் கூட்டிக்கிட்டாங்க. வெளுக்கிற எடத்துல லீவு வாங்குறதுக்கே மூணு மேசைக்கு நடந்தேன். சொந்த ஊருக்குப் போறதுக்கு 'வேல விசயமா'ன்னு ஒரு மேசை கேட்டுச்சு, 'உல்லாசமா'ன்னு இன்னொரு மேசை கேட்டுச்சு. ரெண்டும் இல்ல, பயத்தோட போறேன்னேன். அதுக்குக் கட்டம் இல்லயாம்.

பயம் ஏன்னா, இது கெட்டுப்போனா ஜெர்மனியில திரும்பவும் அந்தத் தனிப் பெஞ்சு. மஹய்யாவவுல எங்க அக்காவோட வாய். ரெண்டுல எது பெரிய தண்டனன்னு இன்னைக்கு வரைக்கும் முடிவு பண்ண முடியல.

3

எங்கக்கா பேரு ரூத். பேராதன ஆஸ்பத்திரியில அட்டென்டன்ட். வார்டுல டாக்டர்மாரே அவ வாறப்ப நாற்காலிய நகட்டி வழி விடுவாங்கன்னு அவளே சொல்லுவா. சபையில பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. விருந்தாளிங்க வாறாங்கன்னு கேட்ட நாள்ல இருந்து மஹய்யாவவ அவ தூங்க விடல.

ஒக்காருற கதிரை எல்லாம் கட்டுகஸ்தோட்ட முஸ்லிம் அண்ணன் ரிஸ்வான் நானா கடையில வாடகைக்கு. பெரிய சட்டி, வாளி, கரண்டியும் அவருதுதான். மேசத் துணி பக்கத்து வீட்டு சிங்கள அக்காவோட மக கல்யாணத்துக்கு வாங்குனது. விருந்தாளிங்க போற வீட்டுக்கெல்லாம் அதே துணி முன்னால போயிரும். மூணாவது வீட்டுல பாஸ்டர் ஹென்னிங் துணியில இருந்த ரோசாப்பூ மேல தான் ஊத்துன குழம்புக் கறையக் கண்டுபுடிச்சு, "இது எனக்குத் தெரிஞ்ச துணி மாதிரி இருக்கே"ன்னாரு. "மஹய்யாவவுல எல்லாருக்கும் ஒரே ரசனை"ன்னேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். ஒரு மேசை, ரெண்டு கதிரை. எனக்குக் கூட கதிரை இல்ல, ஏன்னா நான் வீட்டுப் புள்ள. வெள்ளக்காரங்க ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்பிடணும். வீட்டுக்காரங்க எல்லாரும் செவுத்தோட சேந்து நிக்கணும். வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு விசிறணும். அம்மாக்காரி கரண்டியோட தயாரா நிக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு தலைய நீட்டணும்.

"நீங்களும் ஒக்காருங்க"ன்னு ஊர்சுலா என்னயச் சொல்லச் சொல்லுவாங்க.

"நாங்க அப்பறமா. நோனா மொதல்ல சாப்பிடட்டும்"பாங்க. நோனான்னா எங்க ஊர்ல தொரசானியம்மா.

பாஸ்டருக்கு ஒரு கவலையும் இல்ல. போட்டதையெல்லாம் தின்னாரு. தட்டக் காலி பண்ணுனா மரியாதைன்னு ஜெர்மனியில. தட்டு காலியானா பத்தலன்னு நம்ம ஊர்ல. அவரு காலி பண்ணப் பண்ண இவங்க போட, இவங்க போடப் போட அவரு காலி பண்ண, அந்த மனுசன் கண்டியில இருந்த வரைக்கும் பெல்ட்ட வெளியில நகட்டிக்கிட்டே இருந்தாரு. எங்க சர்ச் மூப்பர் தங்கராஜ் அங்கிள், மாநகர சபையில லொறி ஓட்டி ரிட்டயர் ஆனவரு, எங்காதுல, "டேய், இந்த மனுசனுக்கு லோடு கணக்கு இருக்கா இல்லயாடா?"ன்னாரு.

ஊர்சுலாவுக்கு மட்டும் சோறு எறங்கல. அஞ்சாறு வீடு முடிஞ்சு த்ரீவீல் ஆட்டோவுல வாறப்ப எங்கிட்ட கேட்டாங்க: "இவங்க ஏன் எங்களோட சாப்பிட மாட்டேங்கிறாங்க?"

"அது எங்க ஊர் மரியாதை."

"எங்க ஊர்ல ஒருத்தர் சாப்பிடுறப்ப இன்னொருத்தர் நிக்கிறாருன்னா அவரு வேலக்காரர். நான் வெள்ளக்காரிங்கிறதுக்காக நிக்கிறாங்களா? இந்த மலையில, தேயிலத் தோட்டத்துல, எங்கள மாதிரி ஆளுங்க முன்னால இவங்களோட ஆளுங்க எவ்வளவு காலம் நின்னாங்கன்னு நான் படிச்சிட்டுத்தான் வந்தேன்."

த்ரீவீல்காரர்தான் ஹாரன் அடிச்சாரு.

4

அடுத்த நாள் இன்னும் மோசம். சட்டி வாடகைக்குக் குடுத்த ரிஸ்வான் நானா, "நம்ம சட்டியில சமைச்சதத் திங்கிறாங்க, நம்ம வீட்டுல ஒரு நேரம் திங்க வேணாமா?"ன்னு பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டாரு. போனா, பாய விரிச்சு நடுவுல சகன். பெரிய தாம்பாளம், அதுல சோறு மல மாதிரி, மேல கோழி, சுத்தி ஆளுங்க ஒக்காந்து ஒரே தாம்பாளத்துல கைய வைக்கணும்.

நானா, நானாவோட தம்பி, மகன், பாஸ்டர், நான். நோனாவ உள்ளுக்குப் பொம்பளங்களோட சகன்ல ஒக்கார வச்சாங்க. வெளியில வந்தப்போ ஊர்சுலாவோட மொகத்துல அப்பிடியொரு வெளிச்சம்.

"ஒரே தட்டு! அவங்களும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டோம். நானாவோட மனைவி நல்ல துண்ட எம்பக்கம் தள்ளி விட்டாங்க!" அப்பறம் மொகம் மாறிருச்சு. "முன்னப் பின்ன தெரியாத முஸ்லிம் குடும்பம் என்கூட ஒரே தட்டுல சாப்பிடுது. எங்க கூட்டுச் சபை ஒரே மேசையில கூட ஒக்கார மாட்டேங்குது. நான் கவுன்சில்ல பொய் சொல்ல முடியாது."

அதோட முடிஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. வரி ஆபீஸ்ல ஒரு தரம் முடிவு பண்ணுனா பண்ணுனதுதான்.

5

அன்னைக்கு சாயந்தரம் அக்கா வீட்டுல ப்ளேன்டீயும் வெல்லமும். நான் விசயத்தச் சொன்னேன். நல்லாப் பூசித்தான் சொன்னேன், ஆனாலும் அக்கா நடுவுலயே எந்திரிச்சுட்டா.

"என்னாது? தொரைக்குப் பயந்து நிக்கிறோமா?"

"அப்பிடிச் சொல்லலக்கா, அப்பிடி இருக்குமோன்னு..."

"அப்பிடித்தான் சொல்லியிருக்கா. நீ வெண்ண தடவாத. ரிஸ்வான் நானா வந்தாலும் நான் நின்னுதான் போடுவேன். பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா வந்தாலும் நின்னுதான் போடுவேன். ஏன், நீ ஜெர்மனியில இருந்து வந்து எறங்குன அன்னைக்கு ஒனக்கும் நின்னுதானே போட்டேன்? நீ என்னா தொரையா?"

"கொஞ்சம் அந்தச் சாயல் இருக்குல்ல?"

அக்கா கையில இருந்த வெல்லத் துண்டு எங்காதுல பட்டுச்சு.

"எல்லாரும் குனிஞ்சு தின்னுக்கிட்டு இருந்தா விருந்தாளி தட்டு காலியாகுறத யாரு பாக்குறது? கோழி எத்தன துண்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். நானும் ஒக்காந்தா நானும் ஒன்னு எடுக்கணும். அப்பறம் அந்த நெட்டையருக்கு எங்க பத்தும்?"

மூப்பர் அங்கிள் ப்ளேன்டீய உறிஞ்சிக்கிட்டே, "ரூத்து, ஒரு விசயம் சொல்லுறேன், கோவப்படாத. நாம நிக்கிறதுல பாதி மரியாத. கால்வாசி கோழிக் கணக்கு. மிச்சக் கால்வாசி, எங்கப்பா தோட்டத்துல நின்னாரே, அதுதானோன்னு எனக்கே தெரியல"ன்னாரு.

அக்கா வெல்லத் தட்ட மூப்பர் கைக்கு எட்டாத எடத்துக்கு நகட்டுனா.

"சரி, நாளைக்கு சபை விருந்துல ஒக்காந்துருங்களேன். ஒரு நேரந்தானே?"ன்னு கெஞ்சுனேன். "ஒங்களால இந்தக் கூட்டே போகப்போகுது. அடுத்த வருஷம் பதிலுக்கு நீங்களும் மூப்பரும் ஜெர்மனிக்கு வாறதும் போயிரும்."

"போனாப் போகட்டும். விருந்தாளிய வச்சிக்கிட்டு நான் வாய மெல்ல மாட்டேன். அவகிட்ட அப்பிடியே சொல்லு."

போய் அப்பிடியே சொல்லல. "அக்காவுக்குக் கொஞ்சம் யோசிக்கணுமாம்"ன்னு சொன்னேன். மொழிபெயர்ப்புன்னா அதுதானே, ரெண்டு பேருக்கும் நடுவுல பஞ்சு வைக்கிறது.

6

ஞாயித்துக்கெழம. ஆராதன முடிஞ்சு பின்னால ஹோல்ல விருந்து. ஊரே வந்திருச்சு, சபைக்கு வராதவங்க உட்பட. முன்னால ஒசந்த மேடையில மேசை, அதே ரோசாப்பூத் துணி, ரெண்டு கதிரைக்கும் ரிப்பன் கட்டி, பக்கத்துல டேபிள் ஃபேன். ஊர்சுலா அதப் பாத்தாங்க. மொகத்துல ஒன்னும் இல்ல. அப்பறம் மேடையத் தாண்டி நேரா சமைக்கிற குசினிக்கு நடந்தாங்க. நான் பின்னாலயே ஓடுனேன்.

குசினியில பொம்பளங்கல்லாம் பேச்ச நிப்பாட்டிட்டாங்க. அக்கா சோத்துச் சட்டியோட நிக்கிறா. ஊர்சுலா எங்கிட்ட, "நானும் நிக்கிறேன். எனக்கு வேல குடுக்கச் சொல்லு"ன்னாங்க.

சொன்னேன். ஒருத்திக்கு மூச்சே நின்னுருச்சு. "ஐயோ வேணாம், நோனாவ ஒக்காரச் சொல்லுங்க"ன்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அக்கா மட்டும் நோனாவ மேலயும் கீழயும் பாத்தா. நேத்துக் கோவம் இன்னும் ஆறல.

"வேலதானே? இந்தா." பருப்பு வாளியத் தூக்கி நோனாவோட கையில குடுத்தா.

ஊர்சுலா பருப்பு ஊத்துன அழகு இருக்கே! ஆளுக்கு ஒரு கரண்டி. அதுவும் கரண்டியோட விளிம்புல ஒட்டுனத வழிச்சிட்டு, மட்டமா. சின்னப் புள்ளைக்கும் ஒரு கரண்டி, லொறி ஓட்டுன மூப்பருக்கும் ஒரு கரண்டி. இன்னொரு கரண்டிக்குத் தட்ட நீட்டுனா, ஏற்கனவே குடுத்தாச்சேங்கிற மாதிரி ஒரு பார்வ.

"டேய், என்னாடா இது, நோனா இருமல் மருந்து ஊத்துறாங்க?"ன்னு மூப்பர் அங்கிள் சத்தம் போட்டாரு. ஹோலே சிரிச்சுது.

அக்காவுக்குத் தாங்கல. சோத்து வாளிய வச்சிட்டு வந்து நோனாவோட கையைப் புடிச்சு, கரண்டியோட சேத்து வாளியில முக்கி, மூப்பர் தட்டுல கொட்டுனா. "இப்பிடி! கேக்காமலே போடணும். போதும் போதும்னு கத்துறப்பவும் ஒன்னு போடணும்."

நான் மொழிபெயர்க்கல. தேவப்படல. அதுக்கப்பறம் ஊர்சுலா போட்ட போட்டுல பின் வரிசைக்குப் பருப்புத் தட்டுப்பாடு வந்துருச்சு.

மேடையில பாஸ்டர் ஹென்னிங் ரிப்பன் கதிரையில தனியா, ஃபேன் காத்து வாங்கிக்கிட்டு, பரிசளிப்பு விழாவுல மறந்துட்டுப் போன கப்பு மாதிரி இருந்தாரு. கொஞ்ச நேரத்துல அவரும் எறங்கி வந்து தண்ணி ஜக்கத் தூக்கிட்டாரு. அவரோட ஒசரத்துல இருந்து டம்ளருக்குத் தண்ணி ஊத்துறது கடுகண்ணாவ மலையில இருந்து அருவி விழுற மாதிரி. அஞ்சு பேரு நனைஞ்சாங்க. யாரும் கோவிச்சுக்கல.

7

ஊரு சாப்பிட்டுக் கைகழுவிப் போயாச்சு. குசினியில பொம்பளங்க, நோனா, நான், பாஸ்டர். மிச்சம் இருந்தது பானை அடிச் சோறு, வாளியில ஒட்டுன பருப்பு, கோழியே இல்லாத கோழிக் குழம்பு, நொறுங்குன அப்பளம். எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு அக்கா பெசஞ்சா. தரையில வட்டமா ஒக்காந்தாங்க. ஊர்சுலாவுக்குக் கால் மடங்காது, வாளியக் கவுத்துப் போட்டு அதுல ஒக்காந்தாங்க. அக்கா ஒரு உருண்ட உருட்டி நோனாவோட கையில வச்சா, இன்னொன்ன தன்னோட வாயில போட்டா.

ஊர்சுலா உருண்டைய வாய்க்கிட்ட கொண்டுபோய் நிப்பாட்டிட்டாங்க. அக்காவையே பாக்கிறாங்க. எங்கிட்ட மெதுவா, "கேளு. இவ்வளவு நாளா ஒக்காராதவங்க, இப்ப எப்பிடி எங்கூட சாப்பிடுறாங்க?"

கேட்டேன். அக்கா வாயில சோத்தோட, இது என்னா கேள்விங்கிற மாதிரி பாத்தா.

"இப்பத்தான் விருந்தாளிங்க யாரும் இல்லயே."

ரெண்டு பேருக்கும் நடுவுல பஞ்சு வைக்க ஒன்னும் இல்ல. அப்பிடியே ஜெர்மன்ல சொன்னேன். ஊர்சுலா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. குழம்பு ஒறப்பாலயா என்னான்னு தெரியல, மூக்க உறிஞ்சுனாங்க. பாஸ்டர் ரெண்டாவது உருண்டைக்குக் கைய நீட்டிக்கிட்டு இருந்தாரு.

தின்னு முடிச்சப்போ நோனா கைய உயர்த்தி, ரொம்பப் பெருசா ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க. அறிக்கையில என்னா எழுதப்போறேன், சமம்னா என்னான்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சதுன்னு. அக்கா பாதியில எங்கிட்ட, "அதெல்லாம் கெடக்கட்டும். பருப்புச் சட்டி அடி புடிச்சிருக்கு. தேச்சுத் தரச் சொல்லு"ன்னா.

இந்தத் தரமும் ஒரு வார்த்தையும் மாத்தாம மொழிபெயர்த்தேன். ஊர்சுலா பேச்ச விட்டுட்டு, சட்டைக் கைய மடிச்சு, தேங்காத் தும்பும் சாம்பலும் எடுத்து ஒக்காந்துட்டாங்க. அக்கா எட்டிப் பாத்து, "மூலையில போகல. இன்னும் அழுத்தி"ன்னா. அவங்களும் அழுத்துனாங்க. சட்டி ரிஸ்வான் நானாவுக்குத் திரும்பக் குடுக்கணுமே.

8

ஜெர்மனிக்கு வந்தப்பறம் கவுன்சில் கூடுச்சு. நான் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன், ஒக்காரச் சொல்லியும் நின்னேன், பயத்துல. பெரியவர் பிரான்ட் மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு, "அவங்க நமக்கு என்னா குடுத்தாங்க?"ன்னாரு.

"வேல," ன்னாங்க ஊர்சுலா. "அதச் சரியாச் செய்யலன்னு திட்டும் குடுத்தாங்க."

கை தூக்கச் சொன்னாங்க. மொதல்ல தூக்குனது பெரியவர் பிரான்ட்தான்.

வெளியில வந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். கூட்டு நெலச்சிருச்சுக்கா, எல்லாரும் கை தூக்கிட்டாங்க, நோனா ஒங்களப்பத்தி எவ்வளவு பேசுனாங்க தெரியுமான்னு மூச்சு விடாம சொன்னேன்.

"சந்தோசம், சந்தோசம்," ன்னா அக்கா. பின்னால ஆஸ்பத்திரிச் சத்தம். "நோனாகிட்ட ஒன்னு சொல்லு. அடுத்த சபை விருந்துக்கு வாறதுன்னா முந்தின நாளே வந்துரச் சொல்லு. இங்க வெங்காயம் உரிக்க ஆள் பத்தல."